நான் அழித்த ஓம்கள்

என் கதிரையில் இப்போது இருக்கும் சுஜீத்தா போன வாரம் தொலைபேசி எடுத்தாள். அலுவலகக் குழுவில் வரும் செய்திகள் இனிமேல் மூன்று மாதத்தில் தாமாகவே மறைந்துபோகும்படி அமைத்துவிட்டார்களாம். கணினி பறக்கிறதாம். "அக்கா, தட்டின உடனே திறக்குது. நீங்கள் பாவம், என்னெண்டு அந்தப் பழசோட மாரடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். கூடவே ஒரு வேண்டுகோள்: அலுவலக ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் இரண்டு பக்கம் அனுபவம் எழுதித் தரவேண்டுமாம். மாரடித்த கதையையே எழுதுகிறேன் என்றேன். இரண்டு பக்கத்தில் அடங்காவிட்டால் அது என் பிழையல்ல.

மலர் வெளியாட்கள் கைக்கும் போகும் என்பதால் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகம் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடும் அலுவலகம். நான் அங்கே தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். கட்டைகளைப் பார்க்காமல் தட்டுவேன். என் வேகத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இடையில் நடந்தவற்றை எழுத இது இடமில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது தட்டச்சு இயந்திரம் இருந்த மேசையில் கணினி இருந்தது. வவுனியாவில் மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். முதல் நாள் வரவேற்புரை, மூன்றாம் நாள் சான்றிதழ். நடுவில் கிடைத்த ஒரு நாளில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் ஓய்வுபெறும்வரை காலம் தள்ளினேன்.

பிறகு ஒருநாள், கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புவதெல்லாம் நேர விரயம், எல்லோரும் கைத்தொலைபேசி வைத்திருக்கிறார்கள்தானே என்று செய்தி அனுப்பும் செயலி ஒன்றில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். துருசில், அதாவது குளத்தின் மதகில், வேலை செய்பவர்கள், வாய்க்கால் வாய்க்காலாக வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் பிரதிநிதிகள், நாங்கள் என்று அறுபது பேருக்கு மேல். குழுவுக்கு 'நீர் முறை' என்று பெயர். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற ஒழுங்கைத்தான் முறை என்கிறோம். அலுவலக இலக்கத்தை என் கணினியில் இணைத்து, குழுவை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. ஒருவர் ஒன்றைச் சொன்னால் பதில் சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு. 'நாளை இரண்டாம் வாய்க்கால் துப்புரவு' என்று நான் ஒரு வரி போட்டால், அதன் கீழே அறுபது பேரும் ஆம் என்று சொல்ல வரிசையாக வருவார்கள், எங்கள் பேச்சில் ஓம். ஓம். ஓம் மிஸ். சரி. நன்றி. ஒரு கட்டைவிரல். இரண்டு கட்டைவிரல். கைகூப்பிய படம். துப்புரவுக்கு வரவே போகாதவர்கள் ஒருதரம் கூடுதலாகப் போடுவார்கள். இதைவிடக் காலை வணக்கம் பூக்களோடு வரும், பிறந்தநாள் வரும், செத்தவீட்டு அறிவித்தல் வரும். தட்டெழுதத் தெரியாதவர்கள் குரலில் பேசி அனுப்புவார்கள். அதில் முக்கால்வாசி தொண்டையைச் செருமுவது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, குழு தொடங்கிச் சில காலத்துக்குப் பிறகு மாற்றலாகி வந்த நவரத்தினம் சேர் இருந்தார். எங்கள் பொறியியலாளர். நல்ல மனுசர், நேர்மையானவர், அவசரம் என்ற சொல்லே அவர் அகராதியில் கிடையாது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. இரண்டு பேரையும் ஒரு கணினிக்கு முன்னால் விட்டது யாரோ செய்த சேட்டை. சேருக்கு அந்தக் குழுவும் ஒரு கோவைதான். கோவையில் கடதாசி கிழிக்கக் கூடாது என்றால் குழுவிலும் ஒன்றும் அழிக்கக் கூடாது. வருகிற ஒவ்வொரு செய்திக்கும் அலுவலகம் 'அறியப்பட்டது' என்று பதில் போடவேண்டும். காலை வணக்கத்துக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அதுவும் ஒரு தகவல்தானே, மிஸ்" என்றார். பழைய விஷயம் ஒன்று தேவைப்பட்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். சொல்லைப் போட்டுத் தேடும் வசதி அவருக்குப் பிடிக்காது. கோவையை எப்படிப் புரட்டுவோமோ அப்படித்தான்: இன்றிலிருந்து நேற்று, நேற்றிலிருந்து முந்தாநாள். "மேல போங்கோ" என்பார். நான் மேலே போவேன். அவர் கோபப்பட்டு யாரும் கண்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கோபம் என்று நாங்களாகக் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

முதல் வருடம் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாம் வருடம் செயலி திறக்கக் கொஞ்சம் யோசித்தது. நாலைந்து வருடத்தில் அதற்கு ஒரு தினசரி நடைமுறையே வந்துவிட்டது. காலையில் வந்து அதை அழுத்துவேன். வெள்ளைத் திரை வரும். போய்த் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு வருவேன். மேலே ஒரு பச்சைப் பட்டை வந்திருக்கும். வரவு இடாப்பில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தால் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வட்டம் நின்று குழு தெரிந்த பிறகுதான் உண்மையான வேதனை தொடங்கும். 'அறியப்பட்டது' என்று தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். திரையில் முதலில் 'அ' வரும். பிறகு ஒன்றும் வராது. பிறகு 'றி' வரும், பந்திக்குக் கூப்பிட்டும் எழும்பாத சம்பந்தி மாதிரி. ஒருநாள் அந்த ஒரு சொல் முழுதாக வருவதற்குள் எதிர்மேசைக்காரி தன் மாமியாருடன் நடந்த சண்டையைத் தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லி முடித்துவிட்டாள்.

வவுனியாவிலிருந்து ஒரு கணினித் திருத்துநர் வந்தார். பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் பிழையில்லை என்றார். செயலி, நாம் மேலே போகப் போக, கண்ட செய்தி எல்லாவற்றையும் தன் நினைவில் தூக்கிக்கொண்டே வருகிறதாம். ஒன்றையும் கீழே வைப்பதில்லையாம். இருக்கிற கொஞ்ச நினைவகத்தில் எத்தனையைத்தான் தூக்கும்? பழையதை அழியுங்கோ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். சேரிடம் சொன்னேன். முடியாது என்றார். கூடுதல் நினைவகம் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவோம் என்றார். எழுதினோம். எழுதியதற்கு 'அறியப்பட்டது' என்று பதில் வந்தது.

அதன் பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேர் தன் அறையில் இருக்கும்போது களை எடுக்கத் தொடங்கினேன். முதலில் பூக்கள். பிறகு காலை வணக்கங்கள். அது முடிய, ஓம், சரி, நன்றி, கட்டைவிரல். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எங்கள் பக்கத்திலிருந்து அழித்தேன். தண்ணீர்மட்டம், முறை அறிவித்தல், முறைப்பாடு என்று எந்த நல்ல செய்தியிலும் கைவைக்கவில்லை; பதரை மட்டும்தான் புடைத்தேன் என்பது என் நினைப்பு. இரண்டு மாதம் பிடித்தது. முற்றாகக் குணமாகவில்லை, ஆனாலும் எழுத்துகள் ஓரளவு நேரத்துக்கு வந்து சேர்ந்தன. சேருக்கே வித்தியாசம் தெரிந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தூசு தட்டினேன் என்றேன். மாதம் ஒருமுறை தட்டுங்கள் என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது ஒரு சிறுபோகம், அதாவது கோடைப் பயிர்ச்செய்கை, வந்தது. மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் தண்ணீர் குறைவு. வழக்கமான முறைப்படி தண்ணீர் வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயல்களுக்கு முதலில் போய், கடைசி வயலுக்குப் போய்ச் சேர ஐந்து நாள் ஆகும். மூன்றாம் வாய்க்காலின் கடைசி வயல் முருகையாவுடையது. அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் பேச்சில் இன்னும் அந்த வாடை இருக்கும். அதிகம் பேசமாட்டார். அன்று காலை நாலைந்து நெற்பயிரைப் பிடுங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பயிர் குடலை தள்ளி நின்றது. கதிர் உள்ளே இருக்கிறது, வெளியே வரத் தண்ணீர் வேண்டும். இன்னும் ஐந்து நாள் தாங்காது என்பது பார்த்த எனக்கே தெரிந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் இதேபோல ஒரு பஞ்சம் வந்தபோது, தண்ணீர் குறைந்த போகங்களில் குடலைப் பருவத்தில் கடைசி வயலுக்கே முதல் தண்ணீர் என்று குழுவில் முடிவாகியது, எல்லோரும் சம்மதித்தார்கள் என்றார் முருகையா. அப்போது நவரத்தினம் சேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கவில்லை. அமைப்பின் தலைவர் கனகசபை ஐயாவையும் மற்றவர்களையும் கூப்பிட்டார்கள். கனகசபை ஐயாவின் வயல் தலைப்பில் முதலாவது. நிமிர்ந்த நடை, வெள்ளை வேட்டி, சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயரில் அவருக்கே நல்ல மதிப்பு. அவர் வந்து அமர்ந்து, பழைய பொறியியலாளர் அப்படி ஒன்று எழுதிப் போட்டது உண்மைதான், கமக்காரர் யாரும் அதற்குச் சம்மதம் சொன்னதாகத் தனக்கு ஞாபகமில்லை என்றார். தன் தொலைபேசியை வெள்ளிக்கு வெள்ளி துப்புரவாக்கிவிடுவாராம். மற்றவர்களில் பாதிப்பேர் தொலைபேசி மாற்றிவிட்டார்கள், மீதிப்பேர் இடம் போதாமல் பழையதை அழித்துவிட்டார்களாம். முருகையாவின் பழைய தொலைபேசி வாய்க்காலுக்குள் விழுந்து போய்விட்டது. தலைவருக்கு ஞாபகமில்லை என்றதும் மற்றவர்களுக்கும் ஞாபகம் போய்விட்டது.

சேர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தரை. "நாலு மணிக்குத் துருசு திறக்க வேணும். கமக்காரர் ஓம் எண்டு சொன்னது குழுவில இருந்தால் கடைசி வயலுக்கு முதல் விடலாம். இல்லாட்டில் வழமை முறைதான், எனக்கு வேற வழியில்லை" என்றார். பிறகு என் கதிரைக்குப் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மேல போங்கோ, மிஸ்."

பழைய சேர் முடிவைக் கையால் எழுதிப் படமெடுத்துப் போட்டிருந்ததால் சொல்லைப் போட்டுத் தேடவும் வழியில்லை. நாளைச் சொன்னால் அங்கேயே கொண்டுபோய் விடும் வசதி எங்கள் செயலியில் இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஒருநாள் பயிற்சியில் அது வரவில்லை. நாலு வருடத்தையும் சுட்டியின் சில்லை உருட்டி உருட்டித்தான் ஏறவேண்டும். வந்தவர்கள் வாங்கில் வரிசையாக அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினேன். ஒரு மாதம் ஏற வட்டம் சுற்றும். நிற்கும். இன்னொரு மாதம். பதினொன்றரைக்கு ஒரு வருடம் ஏறியிருப்பேன், துருசிலிருந்து தண்ணீர்மட்டம் வந்தது. சேர் பின்னாலிருந்து, பதில் போடுங்கள் என்றார். 'அறியப்பட்டது' போட்டேன். போட்டதும் செயலி என்னைக் கொண்டுபோய் அடியில், அன்றைய நாளில், விட்டது. ஏறிய ஒரு வருடமும் போச்சு. மறுபடி ஏறினேன். பன்னிரண்டரைக்கு மறுபடி தண்ணீர்மட்டம்.

இப்படியே போனால் நாலு மணிக்கு நான் இங்கேயேதான் இருப்பேன் என்று சேரிடம் சொன்னேன். அவர் யோசித்து, அப்படியென்றால் ஒழுங்காக அறிவித்தல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போனதோ தெரியாது. 'அவசர வேலை நடைபெறுவதால் இரண்டு மணித்தியாலத்துக்குத் தயவுசெய்து யாரும் குழுவில் எதுவும் அனுப்ப வேண்டாம்' என்று போட்டேன்.

ஓம். ஓம் மிஸ். சரி. அனுப்பமாட்டோம். நன்றி. கட்டைவிரல். என்ன அவசரம்? யாருக்காவது சுகமில்லையோ? கைகூப்பு. ஒருவர் ரோசாப்பூ அனுப்பினார். எனக்குப் பின்னால் வாங்கில் இருந்தவர்களும் தலையைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்து முறைத்தேன். அதில் ஒருவர் நான் கவனிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, வாயாலும் ஒரு ஓம் சொன்னார். திரை வெள்ளையாகி அப்படியே நின்றுவிட்டது.

மேசைக்குக் கீழே குனிந்து இணைய வயரைப் பிடுங்கினேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். உலகத்திலிருந்து ஒரு செய்தியும் வராத அந்த அமைதியில் செயலி ஒரு பழைய ட்ரக்டர் மாதிரி, மெதுவாக என்றாலும் நிற்காமல் ஏறியது. ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. முருகையா கொண்டுவந்த பயிர் என் மேசையில் வாடிப்போய்க் கிடந்தது. மூன்று மணிக்குச் சற்று முன்னால் அந்தப் படம் வந்தது. கையெழுத்து, முத்திரை, முருகையா சொன்ன வார்த்தைகள் எல்லாம் அப்படியே. 'கமக்காரர்கள் தமது சம்மதத்தைக் கீழே தெரிவிக்கவும்' என்று கடைசி வரி.

கீழே பார்த்தேன். அடுத்த நாள் காலைத் தண்ணீர்மட்டம் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

அந்த இடத்துக்கு நான் ஏற்கெனவே வந்திருக்கிறேன். சோற்றுப் பாசலை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இந்தப் படத்துக்குக் கீழே இருந்ததை எல்லாம் குப்பை குப்பை என்று முணுமுணுத்தபடி அழித்தது நான்தான்.

"பாத்தீங்களே சேர்" என்றார் கனகசபை ஐயா. "ஒருத்தரும் ஓம் சொல்லேல்லை."

முருகையா எழும்பி வந்து திரையைப் பார்த்தார். "நான் போட்டேன் மிஸ். என் மக தான் டைப் பண்ணிக் குடுத்துச்சு" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. பிறகு, தன் மேலேயே சந்தேகம் வந்தவர் மாதிரி, போட்டதாகத்தான் நினைவு என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று நினைத்தேன். அரச பதிவை அழித்தேன் என்றால் விளக்கம் கேட்பார்கள், விசாரணை வைப்பார்கள், இரண்டு வருடத்தில் ஓய்வூதியம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனுசன் தன் ஞாபகத்தையே நம்பாமல் என் திரையை நம்பிக்கொண்டு நிற்கிறார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

எழும்பி நின்று சொன்னேன். "சேர், இதுக்குக் கீழ ஓம் இருந்தது. நான்தான் அழிச்சனான். கொம்பியூட்டர் இழுபடுது எண்டு, ஓம், சரி, நன்றி எல்லாத்தையும் குப்பையெண்டு நினைச்சு அழிச்சுப்போட்டன்."

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். யார் யார் ஓம் சொன்னார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். யாருடையது என்று நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லத் தொடங்கும்போதுதான் கனகசபை ஐயா வாங்கிலிருந்து எழும்பினார். முகம் சிவந்திருந்தது.

"குப்பையோ?" என்று கேட்டார். "பிள்ளை, என்ர ஓமையும் குப்பையெண்டோ அழிச்சனீர்? நான் ஒரு சொல் சொன்னால் இந்த ஊரில அதுக்கு ஒரு பெறுமதி இருக்கு. முதலாவதா ஓம் போட்டதே நான். நான் போட்ட பிறகுதான் மற்றவை போட்டவை. அதை வழிச்சு எறிய உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இன்னும் இரண்டு வசனம் ஏசினார். மூன்றாவது வசனத்தின் நடுவில் நின்றுவிட்டார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஐயா, நீங்கள் ஓம் சொன்னனீங்கள்."

கனகசபை ஐயா வேட்டித் தலைப்பைச் சரிசெய்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். முருகையாவை மட்டும் பார்க்கவில்லை. "சொன்னது சொன்னதுதானே" என்றார். "தண்ணியை விடுங்கோ."

அவர் சொன்னதும் மற்றவர்களுக்கும் ஞாபகசக்தி திரும்பிவிட்டது. ஒருவருக்கு அன்று என்ன கிழமை என்பதுகூட ஞாபகம் வந்தது. சேர் எல்லோரையும் குழுவில் மறுபடி சம்மதம் போடச் சொன்னார், கோவைக்கு வேண்டுமே. நான் வயரைச் செருகினேன். நாலு மணிக்குத் துருசு திறந்தது. தலைப்பு வயல்களின் வாய்களை எல்லாம் கனகசபை ஐயாவே முன்னால் நின்று அடைப்பித்தார் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை சேர் என் மேசைக்கு வந்து ஒரு கடிதம் வைத்தார். அரச பதிவுகளை அனுமதியின்றி அழித்தமைக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். எதிர்பார்த்ததுதான். முகத்தை நீட்டாமல் பெற்றுக்கொண்டு கையெழுத்து வைத்தேன். விளக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன், எச்சரிக்கையோடு விட்டார்கள். அது இன்னும் என் தனிப்பட்ட கோவையில் இருக்கும், சுஜீத்தா விரும்பினால் எடுத்துப் பார்க்கலாம்.

நான் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது முருகையாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. முந்தைய நாள் ஓம்களின் பாரத்தில் கணினி முனகிக்கொண்டிருந்தது. அழுத்தினேன், வட்டம் சுற்றியது. சேர் போகாமல் நின்றார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திறந்தது. பேச்சு ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம். காய்ந்த மண்ணுக்குள் முதல் தண்ணீர் இறங்கும்போது வருகிற அந்தக் களகள சத்தம், நல்ல நீளமாக. எங்கோ மண்வெட்டி ஒன்று தட்டுப்பட்டது. பதிவு ஓடுவதை மறந்துவிட்டார் போலிருக்கிறது, முருகையா தூரத்தில் மனைவியிடம் சொல்வது கேட்டது: "அந்தப் பக்க வரம்பக் கட்டு புள்ள. வெளியில போயிரப் போகுது."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. 'அறியப்பட்டது' என்று தட்டக் கையை வைத்தேன். சேர் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். பக்கத்து மேசையடியில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அத்தனை வருடத்தில் அவர் என் மேசையடியில் அமர்ந்ததை அன்றுதான் கண்டேன்.

"இன்னொருக்காப் போடுங்கோ, மிஸ்" என்றார்.

அழுத்தினேன். வட்டம் சுற்றத் தொடங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்கு அவசரம் ஒன்றும் வரவில்லை.